உதட்டுப் பேச்சு

"மணி அடிச்சா இவளுக்குக் கேக்காதே, இவள எப்படி வேலைக்குச் சேக்கிறது?" என்றார் மேஸ்திரி. இங்கிலாந்தில், லங்காஷயரின் அந்த நெசவாலையில் முந்நூறு விசைத்தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அவளைக் கூட்டிவந்த தறிக்காரி பெட்ஸி அவர் காதருகே போய்க் கத்தினாள்: "இங்க யாருக்குங்க ஐயா கேக்குது?"

சின்ன வயதுக் காய்ச்சலில் காது போன ஹன்னா அன்றே தறியில் நின்றாள். இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் அங்கே பெண்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். மூன்று தறி தள்ளி நின்றவள் தன் பிரசவக் கதையைச் சொன்னதை ஹன்னா ஒரு சொல் விடாமல் படித்தாள். பதிலுக்கு அவள் சொன்ன வேடிக்கைக்கு நாலு பேர் சிரித்தார்கள். காது போனபின் அதுவே முதல் தடவை.

மாலையில் தறிகள் நின்றன. இனி எல்லோருக்கும் குரல் திரும்பிவிடும் என்று ஹன்னா தலையைக் குனிந்து நடந்தாள். பெட்ஸி அவள் முகவாயைத் தொட்டுத் திருப்பி, உதட்டாலேயே கேட்டாள்: "பத்து மணி நேரத்துக்கு மேல வேல செய்யமாட்டோம்னு நாளைக்குச் சொல்லப்போறோம். நீயும் வர்றியா?"

மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக உதட்டுப் பேச்சுக்கு மாறினார்கள். பின்னால் வந்த மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். ஐம்பது ஜோடி மரச்செருப்புகளின் சத்தம் மட்டும் கேட்டது.