கேரட் மூட்டையும் கல்யாணப் பெண்ணும்

"ஓட்டை போடணும்னா மொதல்ல என் நெஞ்சுல போடும்மா. அப்புறம் வண்டியில போடு!"

இருதயசாமி தன் அம்பாசிடரின் பின்கதவை மறித்துக்கொண்டு நின்றார். அறுபத்து நாலாம் வருடத்து வண்டி. பால் வெள்ளை. கொடைக்கானல் மலையில் இதுவரை நூற்றுப் பத்தொன்பது கல்யாணப் பெண்களை மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்ட வண்டி. உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

பெருமாள்மலைப் பட்டறைக்காரப் பெண் டிரில்லிங் மெஷினைக் கீழே வைத்தாள்.

"போடலைங்க அங்கிள். பின்னாடி சீட் பெல்ட்டுதான் ஏற்கெனவே மாட்டியிருக்கே. அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"மாப்பிள்ளை எல்வின் சொல்லித்தான். வத்தலக்குண்டுலயே மாட்டியாச்சு. ஆனா உங்க பட்டறையில காட்டி, நீ சரின்னு சொன்னாத்தான் வண்டி வேணுமாம். இல்லைன்னா மதுரையிலேருந்து புது வண்டி வருமாம். நாளைக்குப் பத்து மணிக்குக் கல்யாணம்!"

"மாப்பிள்ளை ரொம்பக் கறாரோ?"

"அவன் தங்கமான பையன். எல்லாம் அந்தப் பொண்ணு பண்ற வேலை. பெல்ட்டு இல்லாத வண்டியில ஏற மாட்டாளாம். நூத்திப் பத்தொன்பது பேரு ஏறலையா? திமிரு புடிச்ச கழுதை!"

"அப்படித்தான் இருக்கும்" என்றபடி அவள் பின்சீட்டுக்குள் குனிந்தாள்.

சற்று நேரத்தில் தலையை வெளியே நீட்டினாள்.

"பெல்ட்டைப் பிடிச்சிருக்கிறது சீட்டுப் பலகையில ரெண்டு திருகாணி. அவ்வளவுதான். ஒரு சோதனை பண்ணிப் பார்ப்போமா?"

பக்கத்துக் காய்கறிக் கடையில் கூக்கால் கிராமத்திலிருந்து வந்த கேரட் மூட்டைகள் கிடந்தன. அதில் ஒன்றைத் தூக்கி வந்து பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டைப் பூட்டினாள். முன்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"முப்பதுல போங்க. நான் சொன்னதும் பிரேக்கை மிதிங்க."

சரிவில் வண்டி இறங்கியது.

"இப்ப!"

மிதித்தார். பின்னால் மடாரென்று ஒரு சத்தம். பலகையைப் பெயர்த்துக்கொண்டு மூட்டை அவர் பிடரியில் மோதியது. வாய் பிரிந்து கேரட்டுகள் முன்கண்ணாடி வரை தெறித்தன. ஒன்று அவர் சட்டைப் பைக்குள் குத்திட்டு நின்றது.

"வண்டி நின்னாலும் உள்ள இருக்கிறது நிக்காதுங்க அங்கிள்" என்றாள் அவள். "இன்னிக்கு இது மூட்டை."

இருதயசாமி பிடரியைத் தடவிக்கொண்டார். நூற்றுப் பத்தொன்பது பெண்களும் முக்காட்டோடு வரிசையாக அவர் கண்முன் வந்து போனார்கள். நாளைக்கு வரப்போகிறவளின் முகம் மட்டும் தெரியவில்லை. யார் பெற்ற பிள்ளையோ.

பட்டறைக்குத் திரும்பியதும் கதவை அவரே திறந்துவிட்டார்.

"போடு தாயி."

அவள் வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்தாள். தரைத்தகட்டுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடுகள் வைத்து, அதன் வழியாக போல்ட்டுகளை முடுக்கினாள். பெல்ட்டின் மேல்முனையைப் பின்கதவை ஒட்டிய இரும்புத் தூணில் பொருத்தினாள். இடையில் மூன்று முறை போன் அடித்தது.

"வந்துடறேம்மா. இன்னும் ரெண்டு போல்ட்டுதான். ஐயோ, கத்தாதம்மா!"

டீ வந்தது. ரப்பர் கையுறையைக் கழற்றாமலே வாங்கிக் குடித்தாள்.

"ஏம்மா, டீ குடிக்கக்கூடவா கையுறை?"

"கையில கறை பட்டுடக் கூடாதுங்க."

"மெக்கானிக்குக்குக் கறைன்னா பயம்! நல்லாருக்கு போ!"

சாயங்காலம் அதே மூட்டை, அதே சரிவு. பிரேக்கை மிதித்தபோது டயர்தான் கிறீச்சிட்டது. மூட்டை இருந்த இடத்தில் இருந்தது. இருதயசாமி இறங்கிப்போய் மூட்டையைத் தட்டிக்கொடுத்தார்.

"நாளைக்கு நீயும் கல்யாணத்துக்கு வாயேன். பிரியாணி பிரமாதமா இருக்குமாம்."

"வேற சோலி இல்லைன்னா வரேன் அங்கிள்."

மறுநாள் காலை ஒன்பதரை. மூடுபனி. பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவர் இறங்கவில்லை. குளிரில் எஞ்சின் அணைந்துவிட்டால் மறுபடி கிளம்பாது. ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தபடியே இருந்தார். ஒரே கூட்டம், ஒரே கூச்சல். வெள்ளைச் சேலையும் முகம் மறைத்த முக்காடுமாகப் பெண்ணும், அவள் அப்பாவும் பின்னால் ஏறினார்கள்.

டக். டக்.

இரண்டு பெல்ட்டுகளும் பூட்டிக்கொண்ட சத்தம். இருதயசாமிக்குக் காதில் தேன் பாய்ந்தது.

மூன்றாவது வளைவில் பனிக்குள்ளிருந்து கரும்பாறை போல ஒன்று நடுரோட்டுக்கு வந்து நின்றது. காட்டுமாடு!

பிரேக்கை மிதித்தார். பின்சீட்டிலிருந்து பூச்செண்டு பறந்து வந்து முன்கண்ணாடியில் மோதி அவர் மடியில் விழுந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து, மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். முக்காடு அசையாமல் நேராக இருந்தது. பெண்ணின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

காட்டுமாடு அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கிப் போனது.

"நின்னுருச்சு! உள்ள இருந்ததும் நின்னுருச்சு!" இருதயசாமி ஹாரனை விடாமல் அழுத்தினார். மலையே திரும்ப ஹாரன் அடித்தது. "பட்டறைக்காரப் பொண்ணு இதைப் பார்க்காம போயிட்டாளே!"

அவர் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை செக்கச் சிவந்த மருதாணி. ஒரு சொட்டு கிரீஸ் கறை இல்லை.

"பூச்செண்டைக் கொடுங்க அங்கிள். அதுக்கு பெல்ட்டு மாட்ட மறந்துட்டேன்" என்று முக்காட்டை விலக்கிச் சிரித்தாள் பட்டறைக்காரப் பெண். "திமிரு புடிச்ச கழுதைதான் ஏறிருச்சுல்ல? வெரசா ஓட்டுங்க, எல்வின் காத்துக்கிட்டிருப்பாரு!"