கோணல் கை

"இந்த ஆரஞ்சைப் போட்டுக்கிட்டா என் எலுமிச்சை மஞ்சள் செத்துப்போயிடும்" என்று சொல்லி, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகின் நடுவே போட்டாள் ஷோகேஸ்.

அவ்வளவுதான். கூட வந்த தெருப் பெண்கள் அத்தனை பேரும் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

ஷோகேஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வீட்டு முன்னறையில் ரெடிமேட் கடை போட்டு, விற்காததை எல்லாம் தானே உடுத்திக்கொண்டு வாசலில் நிற்பதால் தெரு வைத்தது. இந்த வருஷம் கோடைச் சரக்கு முழுக்க லினன். வாங்கியவர்களை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு, கடலில் முழுகிய பழைய கப்பலைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

கப்பலைப் பார்க்க என்பது வீட்டுக்காரர்களிடம் சொன்னது. கப்பல் பின்னால், லினன் முன்னால் என்று கடைக்கு ஒரு படம். விஷயம் அதுதான்.

ஜாக்கெட்டைக் கழற்றாதவள் ஒருத்திதான். ஷோகேஸின் ஓரகத்தி, அந்த வீட்டுச் சின்ன மருமகள். நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீரில்கூட யோசித்துத்தான் கைவைப்பாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

"சரி, நீ படத்துல வேணாம். இந்தா, நீயே எடு" என்று கைபேசியை நீட்டினாள் ஷோகேஸ். பிறகு படகுக்கே கேட்கிற மாதிரி, "பாத்து எடும்மா. போன கல்யாணத்துல நீ எடுத்த படத்துல மாப்பிள்ளை சறுக்கி விழுற மாதிரியே நிக்கிறாரு. கேட்டா மண்டபம் கோணலாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். கூட்டுக் குடும்பத்தில் அதுவும் ஒரு வேலை.

ஆனால் அவள் கண் அந்த ஆரஞ்சுக் குவியலை விட்டு நகரவில்லை. உச்சியில் கிடந்தது இருப்பதிலேயே சின்னது. அவள் மகளுடையது. பெரியம்மா கொடுத்த மஞ்சள் கவுன் தெரியவேண்டும் என்று பெரியம்மாவே கழற்றிவிட்டிருந்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு மட்டும் அதைப் போட்டு விடுங்களேன்."

"ஒரே ஒரு படம். எடுத்ததும் போட்டுக்கட்டும். கடல் என்ன கொதிக்குதா?"

கொதிக்கவில்லை. எண்ணெய் ஊற்றி வைத்ததுபோலக் கிடந்தது. காற்றும் இல்லை. கொஞ்ச தூரத்தில், முழுகிய கப்பலின் கொடிமரம் மட்டும், பொக்கை வாயில் மிஞ்சிய ஒற்றைப் பல்லாகச் சாய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போதே படகுக்காரர் சொல்லியிருந்தார், இரண்டு பக்கமும் சமமாக உட்காரச் சொல்லி. ஷோகேஸும் அப்படித்தான் உட்காரவைத்தாள். அவர் சொன்னதற்காக இல்லை. மஞ்சள் ஒரு பக்கம், வெளிர் நீலம் ஒரு பக்கம் என்றால் எடுப்பாக இருக்கும்.

படகின் முகப்பில் வழிகாட்டி நின்று மைக்கில் கப்பலின் கதையை ஆரம்பித்திருந்தார். புயல் இல்லையாம், பாறையும் இல்லையாம். இதே மாதிரி கோடையாம், இதே மாதிரி அசையாத கடலாம். புதுத் துணி உடுத்திக்கொண்டு விடுமுறைக்குப் போன கூட்டமாம்.

'புதுத் துணி' என்ற இடத்தில் மட்டும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மற்றபடி ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

"அண்ணே, இன்ஜினை நிறுத்துங்க. படம் ஆடும்."

நின்றது. படகுக்காரர் பின்முனையில் குனிந்து இன்ஜினில் எதையோ துடைக்க ஆரம்பித்தார்.

"நீலமெல்லாம் எழுந்து இந்தப் பக்கம் வாங்க. கொடிமரம் பின்னால தெரியணும். நெருங்கி நில்லுங்க. இன்னும் கொஞ்சம். துணி கசங்காதுடி, வா."

நீலங்கள் எழுந்து வந்து மஞ்சள்களோடு ஒட்டிக்கொண்டன. எல்லாருக்கும் முன்னால், படகின் விளிம்பிலேயே சின்னவளின் மகள் உட்கார்ந்திருந்தாள். ஷோகேஸின் ஒரு கை அவள் இடுப்பில். இன்னொரு கை தன் முடியில்.

சின்னவள் முகப்புக்குப் போய், வழிகாட்டியின் பக்கத்தில் நின்று கைபேசியை உயர்த்தினாள்.

திரையில் எல்லாரும் அடங்கினார்கள். லினன், பல், கொடிமரம், எல்லாம் இருந்தது. கடல்தான் கோணலாக இருந்தது.

பாழாய்ப் போன கை. மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினாள். கடல் நேரானது, படகு கோணலானது. படகை நேராக்கினாள். கடல் இன்னும் கோணலானது.

"அக்கா, கோணலா இருக்கு."

ஷோகேஸ் சிரிப்பைக் கலைக்காமல் பல்லிடுக்கில் பேசினாள். "நீ எடுத்தா இருக்கத்தானே செய்யும். கையை நேரா புடி."

மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது. சின்னவள் கையை நேராகப் பிடித்தாள். கை நேராகத்தான் இருந்தது.

வழிகாட்டி தினமும் ஒப்பிக்கும் பாடத்தை, கொடிமரத்தைப் பார்த்தபடியே முடித்துக்கொண்டிருந்தார். "அதோ கரை தெரியுதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பாக்கணும்னு அத்தனை பேரும் ஒரே பக்கம் வந்துட்டாங்க. அவ்வளவுதான் நடந்துச்சு."

சின்னவள் கைபேசியை இறக்கினாள்.

படகின் நடுவே கிடந்த ஆரஞ்சுக் குவியல், யாரும் தொடாமலே, மஞ்சளும் நீலமும் நின்ற பக்கமாக நகர ஆரம்பித்தது. உச்சியில் இருந்த சின்னதுதான் முதலில் சரிந்தது.