கீழே ஓடும் எழுத்து

ஞாயிறு மதியம். பாதி இழுத்த திரைச்சீலையைத் தாண்டி வரும் வெயில் டிவியின் ஓரத்தை வெளுக்கிறது. அண்ணன் மகள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். "சித்தப்பா, அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே, அந்தப் பள்ளிக்கூடத்துப் படம் இதுதான்." அண்ணன் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. எண்பதுகளில் வந்த இங்கிலீஷ் படம். அப்போது எங்களுக்கும் படத்தில் வரும் பிள்ளைகளின் வயதுதான். எனக்கு அன்று வேலை இருந்ததால் அண்ணன் மட்டும் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் செங்கல் சுமந்து மாடி ஏறும்போது படிக்கொரு காட்சியாக எனக்குச் சொன்னான். திரையில் தலைமை ஆசிரியர் நீச்சல்குளத்தில் விழ, பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. நாற்பது வயது தாண்டி நான் கற்ற எழுத்து. உதட்டை அசைத்துக் கூட்டிப் படிக்கிறேன். சுருட்டை முடிக்காரப் பெண் பையனிடம் என்னவோ சொல்கிறாள். 'வழியை விட்டுத் தள்ளி நில்' என்று போட்டிருக்கிறது. அவள் 'சாப்டியாடா' என்று கேட்பதாகத்தான் அண்ணன் சொன்னான். அவனுக்கு இங்கிலீஷ் ஏது? அன்றைக்கு எங்கள் இருவர் வயிறும் காலி.

அண்ணன் சொன்னதை அவன் மகளிடம் சொல்கிறேன். "அப்பா சரியான புளுகுமூட்டை" என்று சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சுகிறாள்.

"அந்த எழுத்தை எடுத்துடும்மா."

"அப்புறம் எப்படி சித்தப்பா புரியும்?"

"கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போடு. நான் சொல்றேன்."

அந்தப் பெண் மறுபடியும் பையன் முன்னால் வந்து வாயைத் திறக்கிறாள்.

"சாப்டியாடான்னு கேக்குறா" என்கிறேன்.