இரண்டு நாள் பட்டினி

ஒரு காலத்தில் வீடு வீடாக மருந்தடித்துக் கரப்பான்களைக் கொன்ற சில்வெஸ்டர், இப்போது அவற்றை டப்பாவில் போட்டு ஓட்டல் ஓட்டலாகத் தூக்கிக்கொண்டு போகிறான். சோறு வயலில் விளைந்ததா, ஆலையில் அச்சடித்ததா என்று மனித நாக்குக்குத் தெரிவதில்லை. கரப்பானுக்குத் தெரியும்; அச்சடித்ததை அது தொடாது. சோதனைக்கு முன் அதை இரண்டு நாள் பட்டினி போட வேண்டும் என்பது சட்டம்.

அன்று காலை தூத்துக்குடி பஸ் நிலையத்து ஓட்டலில் கரப்பான் இட்லியை ஆசையாகக் கடித்தது. சாப்பிட வந்தவர்கள் கைதட்டினார்கள்.

"நம்ம கடை இட்லியக் கரப்பானே திங்குது, பாத்தியளா!" என்று முதலாளி பூரித்துப்போனார்.

அடுத்த ஓட்டலுக்குப் போகும் வழியில் சில்வெஸ்டர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தான். டப்பா மூடி சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது. இன்னும் சோதனைக்கு விடாத ஒரு கரப்பான் நழுவி, மகள் ஜெனிலாவின் தட்டில் ஏறியது. மீசையால் சோற்றைத் தடவிப் பார்த்தது. பிறகு திரும்பி, தரையில் இறங்கிப் போய்விட்டது.

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஏம்ப்பா அது சாப்பிடல?" என்று கேட்டாள் ஜெனிலா.

"அதுக்கு வயிறு நெறஞ்சிருக்கும்மா. நீ சாப்பிடு" என்றான் சில்வெஸ்டர்.