வாயில்லாத முகம்

கணக்கெடுக்க வந்த தமயந்தி, அழுகையில் தொடங்கிச் சிரிப்பில் முடியும் ஐந்து முகங்கள் வரைந்த அட்டையை ஜெனோவாவிடம் நீட்டினாள்.

"ஒங்க மனசு இப்ப எப்படி இருக்குக்கா? ஒண்ணத் தொட்டுக் காட்டுங்க."

ஜெனோவா ஒவ்வொரு முகத்தின் வாயையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"வாயே இல்லாத மொகம் ஒண்ணு இல்லையாம்மா?"

தமயந்தி கைப்பேசியில் 'பதில் இல்லை' என்று குறித்தாள். அப்படி விட்ட இடத்தில், தெருவில் அதிகம் பேர் தொட்ட முகத்தைக் கணினியே நிரப்பிக்கொண்டு தெருவின் மகிழ்ச்சிக்கு மதிப்பெண் போடும்.

புயலில் சிக்கிய படகுகளில் ஜெனோவாவின் புருஷன் போன படகைத் தவிர மற்றவையெல்லாம் நேற்றே கரை சேர்ந்துவிட்டன. காலையிலிருந்து தமயந்தி ஏறி இறங்கிய வீடுகளில் எல்லோரும் சிரிக்கிற முகத்தைத்தான் தொட்டிருந்தார்கள்.