தாமதத்துக்குக் காரணம்

அவள் வகுப்பறை வாசலில் வந்து நின்றாள். மூன்று முறை தாமதமாக வந்தால் பரீட்சை எழுத முடியாது என்பது பேராசிரியர் முதல் நாளே போட்ட விதி. அவளுக்கு இது மூன்றாவது முறை.

"உள்ள வரலாமா சார்?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்களைப் பரீட்சைக்கு விட முடியாது."

"இது கடைசி வருஷம், சார்."

"அந்தப் பொறுப்பு உங்களுக்கு வேணாமா? அப்படி என்ன தலைபோற வேலை?"

நாற்பது தலைகள் திரும்பின. பொய் சொல்லவும் அவளுக்கு வரவில்லை.

"நீங்க பைக்கை எடுத்துட்டு முன்னாடியே கிளம்பிட்டீங்க. நம்ம பையனைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நடந்து வர நேரமாயிடுச்சு, சார்."

பேராசிரியர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"உள்ள வா," என்றார்.