பதினெட்டாம் மேஜையின் புகார்கள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது! பொய்யென்றால் மிச்சமிருக்கிற நாலு பல்லும் இப்போதே கொட்டட்டும்.

சியோல் நகரத்து நோரியாங்ஜினில் வாடகைக்குப் படிப்பறை நடத்துகிறேன். நாற்பது மேஜை. மேஜைக்கு மேஜை தடுப்புப் பலகை. உள்ளே எறும்பு தும்மினால்கூட, 'தும்மியது யார்?' என்று மஞ்சள் சீட்டு எழுதி ஒட்டிவிடுவார்கள். வாய் திறக்கக் கூடாதே, அதனால் சண்டையெல்லாம் சீட்டில்தான்.

பதினேழாம் மேஜை தாசோலுக்கு. அரசாங்க உத்தியோகத் தேர்வில் மூன்று தடவை தோற்றவள். நாலாவது தடவைக்கு அறுபத்திரண்டு நாள் இருக்கும்போது அவளுக்குப் படிப்பே வெறுத்துப்போயிற்று. புத்தகத்தைத் திறப்பாள், பெருமூச்சு விடுவாள். அந்தக் காற்றில் பக்கத்து மேஜையில் ஒட்டியிருக்கும் சீட்டெல்லாம் படபடக்கும். ஒரு தரம் என் மூக்குக்கண்ணாடியே பறந்தது.

தைரியம் சொல்லாத ஆள் இல்லை. அவள் அம்மா ஊரிலிருந்து ஒட்டு மிட்டாய் அனுப்பினாள். தின்றால் தேர்ச்சி வந்து ஒட்டிக்கொள்ளுமாம்.

"உன்னால முடியும்னு இன்னும் ஒருத்தர் சொன்னா கடிச்சிடுவேன் தாத்தா" என்று தாசோல் மிட்டாய்ப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

நான் தின்றேன். என் ஐந்தாவது பல் மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு போனது.

ஒரு மத்தியானம் பையும் கையுமாக வந்து நின்றாள்.

"மேஜைச் சாவியைப் பிடிங்க தாத்தா. ஊருக்குப் போறேன். அப்பாவோட மீன் கடையைப் பாத்துக்கறேன்."

"அப்ப தேர்வு?"

"அது என்னை மூணு தடவை விட்டுச்சு. நான் அதை ஒரே தடவையா விட்டுட்டேன்."

மறந்துபோன பேனாவை எடுக்க மேஜைக்குப் போனவள், நெருப்பை மிதித்த மாதிரி திரும்பி வந்தாள். கையில் மஞ்சள் சீட்டு.

'17-க்கு: உங்கள் பெருமூச்சுச் சத்தம் தாங்க முடியவில்லை. இது படிக்கிறவர்கள் இருக்கிற இடம். இப்படிக்கு, 18.'

"படிக்கிறவங்க இருக்கிற இடமாமே! அப்ப நான் யாராம்?"

"விடும்மா. நீதான் கிளம்பிட்டியே. அவனும் நிம்மதியா இருக்கட்டும்."

"நிம்மதியா? அவனா? குடுங்க சாவியை!"

பதினெட்டாம் மேஜைக்காரன் தேமுன். அவனும் அதே தேர்வுக்குத்தான் படித்தான். வரும்போது ஒரு தலையாட்டல், போகும்போது ஒரு தலையாட்டல். யாரோடும் ஒரு வார்த்தை கிடையாது. போட்டிக்கு ஓர் ஆள் குறைந்தால் லாபம் என்று விரட்டுகிறான், இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

சீட்டுகள் நிற்கவில்லை.

'17-க்கு: காலையிலிருந்து பக்கம் திருப்பும் சத்தத்தையே காணோம். தூங்குவதானால் வீட்டில் தூங்கலாம்.'

அன்றைக்கு அவள் நூற்றுப் பத்துப் பக்கம் திருப்பினாள். ஒவ்வொன்றும் சாட்டையடி.

'17-க்கு: சட்டப் பாடம் எழுதும்போது உங்கள் பேனா கீச்சிடுவது காதைத் துளைக்கிறது. சீக்கிரம் முடித்துத் தொலையுங்கள்.'

ஒன்பதே நாளில் சட்டப் பாடத்தை முடித்துத் தொலைத்தாள்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று கத்தித் தீர்த்துவிட்டாள். எட்டு நிமிடம். அறையே பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரசித்தது. தேமுன் தலை நிமிரவில்லை. மறுநாள் சீட்டு வந்தது.

'17-க்கு: நேற்று எட்டு நிமிடம் என் புத்தகத்தின் மேல் உங்கள் நிழல் விழுந்தது.'

"திமிரைப் பாத்தீங்களா தாத்தா! தொண்டை கிழியக் கத்தியிருக்கேன், இவனுக்கு நிழல் விழுந்துச்சாம்!"

"கல்நெஞ்சன்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

அதன்பின் அவன் வருவதற்கு முன்னால் வந்தாள், அவன் போனபிறகு போனாள். நாற்பத்தொரு பேனா தீர்ந்தது. நானே எண்ணிக் குப்பையில் போட்டேன்.

தேர்வு முடிவு வந்தது. தாசோல் போட்ட கூச்சலில் மூன்று தெரு தள்ளி ஒரு நாய் மயங்கி விழுந்தது. சிவப்புப் பயறு வைத்த அரிசி கேக்கை முப்பத்தெட்டு மேஜைக்கும் அவளே கொண்டுபோய் வைத்தாள். பதினெட்டுக்கு மட்டும் ஒரு சீட்டு:

'18-க்கு: நான் தேறிவிட்டேன். என் கூச்சல் தொந்தரவாக இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளவும். இப்படிக்கு, 17.'

தேமுனும் தேறியிருந்தான். சீட்டைப் படித்தான். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தான்.

"சிரிக்கிறதைப் பாருங்க தாத்தா. கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயில் கேக் இருந்தது.

அவன் இங்கே சேர்ந்த முதல் நாள் என்னிடம் நீட்டிய சீட்டு இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது: 'தீ அபாய மணி அடித்தால் தயவுசெய்து வந்து என் தோளைத் தட்டுங்கள். எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.'

நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். தாசோல் இப்போது இதற்கு மேல்பதவித் தேர்வுக்குப் படிக்கிறாள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.